ஆளுக்கொரு புருவம்

பெரிய மருமகளுக்குத் தன் கைவேலையில் இருந்த கர்வத்தை வைத்து இன்னொரு பார்லரே கட்டியிருக்கலாம். நிரந்தரப் புருவம் என்றால் கையால் கீறுவதுதான் என்பது அவள் கட்சி. பேனா மாதிரி ஒரு பிடி, முனையில் கத்தி போல வரிசையாக நுண்ணூசிகள். மையில் தோய்த்துத் தோலில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு மயிர். இப்படி மயிர் மயிராக இழுத்து முடித்தால், பெற்றவளே வந்து பார்த்தாலும் நிஜமா பொய்யா என்று தடுமாற வேண்டும்.

சின்ன மருமகள் கல்யாணமாகி வரும்போது கூடவே ஒரு மெஷினையும் கொண்டுவந்தாள். ஒற்றை ஊசி. ரீங்காரம் போட்டுக்கொண்டே புள்ளி புள்ளியாகக் குத்தும். புள்ளிகள் சேர்ந்து, பொடி பூசின மாதிரி நிழல் விழும்.

"அது புருவமா? கரிப்பூச்சு," என்பாள் பெரியவள்.

"கத்தியால கீறுறதுக்கு இது எவ்வளவோ மேல், அக்கா," என்பாள் சின்னவள், சிரித்த முகம் மாறாமல். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல்.

பார்லர் மாமியாருடையது. முன்பக்கம் முடி வெட்டவும் த்ரெடிங் செய்யவும் நாற்காலிகள். உள்ளே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கட்டில், ஒரு வட்ட விளக்கு. அந்த அறைக்காக இருவரும் மல்லுக்கு நின்றதில் சலித்துப்போன மாமியார், யார் முறை நல்லதோ அவளுக்கே உள்ளறை, மற்றவள் முன்பக்கம் த்ரெடிங் செய்யட்டும் என்றுவிட்டார். திரும்பவும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கப் பெரியவள் தயாராக இல்லை.

மாமியார் எதையும் சரிபாதியாகப் பிரிப்பவர். ஒருத்திக்குச் செருப்பு வாங்கினால் இன்னொருத்திக்கும் வாங்குவார், கால் அளவு கேட்காமல். இப்போது தன் முகத்தையே பாகம் பிரித்தார். "எனக்கும் புருவம் உதிர்ந்து மொட்டையாத்தான் கிடக்கு. இடது பெரியவளுக்கு, வலது சின்னவளுக்கு. ஆறினப்புறம் பாத்துக்கலாம்."

கட்டிலில் படுத்தவர் தலையை மட்டும் தூக்கிக் கேட்டார். "ஏம்மா, என் முகத்துல ரெண்டும் நிக்கும்தானே?"

பெரியவளின் விரல் அப்போது அவர் நெற்றியில் இருந்தது. அடுப்புப் பக்கமே போகாத நாளில்கூட எண்ணெய் வழியும் முகம் அது. இப்படிப்பட்ட தோலில் கீறின கோடு ஆறும்போது கசிந்து மங்கிவிடும், மெஷின் புள்ளிதான் தங்கும் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது படுத்திருந்தால், உங்களுக்கு இது சரிப்படாது என்று எழுப்பி அனுப்பியிருப்பாள். அப்படி எத்தனையோ பேரை அனுப்பியும் இருக்கிறாள். ஆனால் இன்று அதைச் சொன்னால் உள்ளறை போய்விடும்.

"ஏன் நிக்காது, அத்தை? கல்வெட்டு மாதிரி நிக்கும்," என்றாள்.

சின்னவள் மாமியாரின் நெற்றியைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மரத்துப்போகும் க்ரீம் தடவி, அளவுகோடு போட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து முடித்தார்கள். இடது புருவம் பிறக்கும்போதே முளைத்தது போல இருந்தது. வலது புருவம் கருகருவென்று அப்பிக்கிடந்தது.

"இந்தப் பக்கம் என் பெண்டாட்டி, அந்தப் பக்கம் யாரோ இன்ஸ்பெக்டர்," என்றார் மாமனார். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளறைக்குப் புதுத் திரைகூட வாங்கி மாட்டிவிட்டாள்.

பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. வலது பக்கத்துக் கருமை உதிர்ந்து உதிர்ந்து, அளவான நிழலாக நின்றது. இடது பக்கத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூத்து, பாதிப் புருவம் இருந்தது, பாதி இல்லை.

"எண்ணெய்ச் சருமம், அத்தை. அதான்," என்றாள் சின்னவள், அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள் மாதிரி.

மாமியார் கைக்கண்ணாடியை இறக்கினார். "இது முன்னாடியே தெரியுமா?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள், சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். முகத்தைப் பற்றிச் சகலமும் தெரிந்த இரண்டு பேர், அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கு," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு. சரிசெய்து தருகிறோம் என்று இருவரும் பாய்ந்தபோது, யாரும் தொட வேண்டாம் என்றுவிட்டார். தீர்ப்பும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, ஒரு மலிவான பென்சிலால் இடது புருவத்தை வரைந்துகொண்டார். அவர் தலைக்கு மேலே 'நிரந்தரப் புருவம்' என்ற பலகை தொங்கியது.

ஒரு காலையில், அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது, பள்ளி ஆசிரியை ஒருத்தி வந்தாள். நெற்றி பளபளவென்று மின்னியது.

"கையால கீறுறதா, மெஷினா? எனக்கு எதும்மா நிக்கும்?"

"பெரியவளைக் கேளுங்க," என்றார் மாமியார். "அவளுக்குப் பாத்தாலே தெரியும்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"எண்ணெய்ச் சருமம்," என்றாள் பெரியவள். "நான் கீறினா நிக்காதுங்க. மெஷின்தான். சின்னவ செய்வா, உள்ள போங்க."

திரை விலகி மூடியது. உள்ளே ரீங்காரம் கேட்டது. பெரியவள் த்ரெடிங் நாற்காலியைத் துடைக்கப் போனாள்.

"இங்க வா," என்று கூப்பிட்டு, மாமியார் பென்சிலை நீட்டினார். "இன்னிக்கு நீ வரைஞ்சுவிடு."

பெரியவள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிர் மயிராக வரைந்தாள். ராத்திரி முகம் கழுவினால் போய்விடும். இந்த முறை அது இருவருக்கும் தெரிந்திருந்தது.