மண்சட்டி ஏறாத அடுப்பு

"எல்லாத்துக்கும் நடுவுல இருக்கும்மா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம், சமையல்கட்டும் உண்டு" என்று சொல்லி, என் மகள் சுஜா போனில் படம் பார்த்து ராயபுரத்தில் ரூம் போட்டாள். சர்வீஸ் அபார்ட்மென்டாம். நடுவில்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஆரன் அடித்தன. சமையல்கட்டில் ஒயின் குடிக்கிற கண்ணாடிக் கிளாஸ் ஆறு இருந்தது. கரண்டி ஒன்றுகூட இல்லை. எவன் புத்தியோ.

அந்தச் சமையல்கட்டுக்காகத்தான் இங்கே வந்ததே. என் வீட்டுக்காரர் எபினேசருக்கு மூன்றாவது கீமோ முடிந்து நாலு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "நாளைக்கும் சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுருவோம்மா" என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். குழாய் என்றதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாத்தான்குளத்தில் மொத்தக்கடையை அதட்டி நடத்துகிற மனுஷன். ரொம்ப நேரம் கழித்து, "ரோஸ்மேரி, நீ வச்ச மீன் குழம்புன்னா ரெண்டு வாய் தின்னு பாக்கேன்" என்றார். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைதான் வார்டுக்குள் விடுவார்கள்.

காலையிலேயே காசிமேட்டில் விளமீன் வாங்கிக் கழுவினேன். ஊரிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றி அடுப்பில் வைத்தேன். கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு அடுப்பு. பொத்தானை அமுக்கினால் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி கத்தியது. முக்கால் மணி நேரம் நானும் அதுவும் மல்லுக்கட்டினோம். சட்டி சில்லென்றே இருந்தது.

மேனேஜர் ரகுபதியைப் போனில் பிடித்துக் கிழித்தேன். "கெட்டுப்போன அடுப்பக் குடுத்து ஊர ஏமாத்துதியளா?" அவர் "ஆள் அனுப்புறேன் மேடம்" என்று ஐந்து தரம் சொன்னார். பதினொன்றே காலுக்கு வந்தவள் அறை பெருக்குகிற கன்னியம்மா. அவள் அடுப்பைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இதுல போயி மண்சட்டிய வெச்சிகினு கீற? கரண்ட் அடுப்புக்கா இது. இரும்பு, எவர்சில்வர்தான் சூடாவும். நாளைக்கு வரிக்கும் நின்னாலும் இது கொதிக்காது."

"இத மொதல்லயே சொல்லத் தெரியாதா உங்க மேனேஜருக்கு?"

"நீ சட்டி தூக்கிகினு வருவன்னு அவுரு இன்னா ஜோசியமா பாத்தாரு?"

மீன் குழம்பை எவர்சில்வரில் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பக்கத்தில் கேஸ் அடுப்பு கிடைக்குமா என்று கேட்டேன். "நேரத்த பாருக்கா" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மா கீழேயிருந்து ஒரு எவர்சில்வர் குண்டானும், எதிர் மெஸ்ஸில் ஒரு பொட்டலம் சோறும் வாங்கி வந்தாள். இந்த ஒரு காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லையே என்று என்மேலேயே எரிச்சல். புளித்தண்ணீரைக் குண்டானில் கவிழ்த்தேன். மசாலாப் பொடியைப் போட்டேன், மீனைப் போட்டேன், கொதித்து வெந்ததும் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

வார்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பிசைந்து ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஒரு வாய், இரண்டு வாய், பாதிச் சோறு போய்விட்டது.

"குழம்பு எப்படி இருக்கு?"

"வீட்டுல வைக்குத மாதிரியே இருக்கு."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சாப்பிட்டாரா? அப்ப குழாய் வேணாம்மா" என்று எழுதிக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மிச்சக் குழம்பில் ஒரு வாய் பிசைந்து எடுத்தேன்.

"அத நீ திங்காத, எனக்கு வேணும்" என்று அவசரமாகக் கையை நீட்டினார். அதற்குள் வாயில் போட்டுவிட்டேன்.

உப்பே போடவில்லை. ஒரு கல்கூட.

முப்பத்தோரு வருஷமாக உப்பு கொஞ்சம் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மனுஷன். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. நான் அடுத்த வாயைப் பிசைந்து கொடுத்தேன்.