எதிராளியின் ஏஜென்ட்

வீட்டு புரோக்கர் டால்டன் ப்ரூயிட் பேனாவை நீட்டிய தோரணையே மெரினுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வது? சனிக்கிழமை காலை அரை மணி நேரம்தான் வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். வாசலில் இன்னும் பதினேழு பேர். சமையலறை மேடையில் கெட்டிலை நகர்த்திவிட்டு அதே இடத்தில் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எல்லாரும் இப்படித்தான் வீடு வாங்குகிறார்கள். ஒரு சட்டை வாங்க இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

மெரின் டில்புரூக்குக்கு ஐம்பத்துநாலு வயது. கோஸ்னெல்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மீதி நேரத்தில் கேரவன்களுக்குக் கேன்வாஸ் கூடாரம் தைத்துக் கொடுப்பாள். குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளன் விற்கிறான், ஆறு வாரத்தில் காலி செய்தாக வேண்டும். இந்த வீடோ சின்னது, ஜன்னல் சட்டமெல்லாம் உளுத்துக் கிடந்தது. ஆனால் பின்னால் ஒரு தகர ஷெட் இருந்தது. லாரியே உள்ளே நிற்கும். தையல் மெஷினை அங்கே போட்டால்தான் கடன் தவணை கட்ட முடியும். ஷெட் இல்லையென்றால் இந்த வீடு அவளுக்குக் கட்டுப்படியாகாது.

"ஷெட்டும் சேர்த்துத்தானே?" என்று கேட்டாள்.

"பின்னே? அது எங்க ஓடிடப் போகுது டார்லிங்?" என்றான் டால்டன்.

வாங்குபவரின் செட்டில்மென்ட் ஏஜென்ட் என்ற கட்டத்தில் கெய்லீன் என்ற பெயர் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. பத்திரத்தைச் சரிபார்த்து, பணமும் உரிமையும் கைமாறுகிற நாள்வரை நம் பக்கம் நிற்க வேண்டிய ஆள் அது. அந்தப் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

"யாரு இது?"

"என் மச்சினி. தங்கமான பொண்ணு. விக்கறவர் லெய்டனுக்கும் அவதான் பாக்கறா. ரெண்டு பக்கமும் ஒரே ஆள்னா இழுபறியே இருக்காது. கையெழுத்து போட்டாச்சு, இனிமே மாத்தவும் முடியாது, விடுங்க."

தங்கமான பொண்ணு என்ற வார்த்தையை மெரின் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் விவாகரத்தில் வீடு கணவன் டரலுக்குப் போனபோதும், புரோக்கர் சொன்ன ஒரு தங்கமான பொண்ணைத்தான் அவள் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுத் தோட்டத்தில் மெரினின் அப்பா தன் கையால் அடித்த ஒரு ஷெட் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். டரலின் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'கொட்டகை நிலத்தோடு சேர்ந்தது. ஒரு திருகாணி குறைந்தாலும் குறைவென்றே கொள்ளப்படும்.' தங்கமான பொண்ணு அதைப் படித்துக் காட்டி, "சாரி" என்று சிரித்தாள். மெரினும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். டரலின் ஏஜென்டாக அந்தக் கடிதத்தை எழுதியவள் அவனுடைய அக்கா கிளெனிஸ். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னாலே மெரினுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லெய்டன் விலைக்கு ஒப்புக்கொண்டான் என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. மெரின் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு, நேராக ஆர்மடேலுக்குப் போய், கறிக்கடைக்கு மேலே இருந்த கிளெனிஸின் ஆபீசுக்குப் படியேறினாள்.

கிளெனிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "யாரு செத்தா?"

"யாரும் சாகல. வீடு வாங்கறேன். நீதான் எனக்கு ஏஜென்ட்டா இருக்கணும்."

"காலையிலயே ஊத்திக்கிட்டியா?"

"உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல கிளெனிஸ். ஆனா இந்த ஊர்ல உன்னை மாதிரி ஈவு இரக்கமில்லாதவ வேற யாரும் இல்ல. அது எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எவளுக்கும் தெரியாது."

கிளெனிஸ் கையை நீட்டினாள், படிவத்துக்காக. படித்தாள். "கெய்லீனா? அது கேக்குக்கு மேல தடவற கிரீம், தொட்டாலே அமுங்கிடும். நியமனக் கடிதத்துல கையெழுத்து போட்டியா?"

"இல்ல. இதுல மட்டும்தான். மாத்த முடியாதுன்னு அவன் சொன்னான்."

"சொல்லுவான். கட்டத்துல அச்சடிச்ச பேரு வெறும் மைதான். நியமனக் கடிதத்துல நீ கையெழுத்து போடாத வரைக்கும் எவளும் உனக்கு ஏஜென்ட் இல்ல." இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வீசினாள். "என் கட்டணத்துல ஒரு காசு குறைக்க மாட்டேன். சொந்தம்னு பல்லைக் காட்டாத."

"நீ எனக்குச் சொந்தமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்று சொல்லி மெரின் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை பணம் கைமாற வேண்டும். அதற்கு இரண்டு நாள் இருக்கையில், வாங்குகிறவர் கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்கலாம். மெரின் போனபோது பின்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டது. இரண்டு ஆட்கள் ஸ்பானரும் கையுமாக நின்றார்கள். ஷெட்டின் ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே டிரெய்லரில் ஏறிவிட்டது.

அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "யாரைக் கேட்டு கழட்டறீங்க?"

லெய்டன் கையைத் துடைத்தபடி வந்தான். "என் ஷெட், நான் கழட்டறேன். இது தனித்தனி பாகமா வாங்கி நானே பூட்டினது. படிவத்துல எங்க ஷெட்னு போட்டிருக்கு, காட்டு."

படிவத்தில் இல்லை. கெட்டில் பக்கத்தில் அவசரமாக எழுதியது, அவளும் கேட்டதோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டைத் திறந்துவிட வந்திருந்த டால்டன் இடையில் புகுந்தான். "டார்லிங், முதல்ல வீட்டை முடிச்சுக்குவோம், ஷெட்டை அப்புறம் பேசிக்கலாம். இதுக்காக நீங்க தாமதம் பண்ணா நாள் கணக்குல அபராத வட்டி ஏறும். கெய்லீனா இருந்தா இதையெல்லாம் பெரிசு பண்ணவே மாட்டா."

மெரின் வேலியோரமாகப் போய்க் கிளெனிஸைப் போனில் கூப்பிட்டாள்.

"எத்தனை போல்ட்?" என்றாள் கிளெனிஸ், எடுத்த எடுப்பில்.

"என்ன?"

"கான்கிரீட்டுக்குள்ள இறங்கியிருக்கா? எத்தனை? போய் எண்ணு."

மெரின் லெய்டனைத் தள்ளிவிட்டுப் போய் மண்டியிட்டு எண்ணினாள். "இருபத்திரெண்டு. எல்லாம் உள்ள இறங்கியிருக்கு."

"போட்டோ எடு. தரையில பூட்டினது நிலத்தோட சேர்த்தி, படிவத்துல எழுதலேன்னாலும். இப்ப ஒரே ஒரு கேள்வி. ஷெட் இல்லாம அந்த வீடு உனக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா சண்டை போடறேன். வீடே கைவிட்டுப் போனாலும் போகும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

வாடகை வீட்டில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. போக வேறு இடமில்லை. மெரின் டிரெய்லரில் கிடந்த தகரத்தைப் பார்த்தாள். அப்பாவின் ஷெட் ஞாபகம் வந்தது, அன்றைக்குப் போகட்டும் என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"வேண்டாம். விடாத."

பத்து நிமிடத்தில் லெய்டனின் போன் சிணுங்கியது. அவன் அதில் வந்த கிளெனிஸின் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான், கேலி செய்யத்தான். "கொட்டகை நிலத்தோடு சேர்ந்தது. ஒரு திருகாணி..."

"...குறைந்தாலும் குறைவென்றே கொள்ளப்படும்" என்று மெரின் முடித்தாள். ஒன்பது வருடமாக மனப்பாடம்.

அதற்குக் கீழே இருந்ததை லெய்டன் சத்தமாகப் படிக்கவில்லை. மாண்டுராவில் அவன் வாங்குகிற வீட்டுக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் நாள். இங்கே பணம் வந்தால்தான் அங்கே கட்ட முடியும். கிளெனிஸ் அதைத் தோண்டி எடுத்து வைத்திருந்தாள். நாளை மாலை ஐந்து மணிக்குள் ஷெட் பழையபடி நிற்காவிட்டால் என் கட்சிக்காரர் பணம் கட்ட மாட்டார், உங்கள் மாண்டுரா வீட்டின் கதி உங்கள் பாடு என்று எழுதியிருந்தாள்.

லெய்டன் டால்டனைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு ஆட்களிடம், "திருப்பி மாட்டுங்கடா" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளெனிஸ் கூப்பிட்டாள். "முடிஞ்சுது. வீடு உன் பேர்ல. சாவியை டால்டன்கிட்ட வாங்கிக்க."

மெரினுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. "அதே கடிதத்தைத்தான் அனுப்பினே" என்றாள்.

"நல்ல கடிதம். எதுக்கு மாத்தணும்?" என்றாள் கிளெனிஸ். "ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்தத் தடவை அதுல இருந்தது உண்மை. உங்கப்பா ஷெட் வெறும் மரக்கட்டை மேல உக்காந்திருந்துச்சு. தரையில ஒரு போல்ட் கிடையாது. லாரியைக் கொண்டாந்து நீ தூக்கிட்டுப் போயிருக்கலாம், நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எத்தனை போல்ட்னு உன் ஏஜென்ட் கேப்பாளான்னு ஒரு வாரம் காத்திருந்தேன். கேக்கவே இல்ல."

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

"நான் அப்ப உன் ஏஜென்ட் இல்லையே" என்று சொல்லிப் போனை வைத்தாள் கிளெனிஸ்.

மெரின் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையாமல் நேராக ஷெட்டுக்குப் போனாள். அவசரத்தில் மாட்டிய சுவர் கொஞ்சம் கோணலாக நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு, பேருந்து ஓட்டும்போது ஒருநாளும் வாயில் வராத வசவையெல்லாம் நாத்தனாரை நோக்கி வாய்விட்டுத் திட்டித் தீர்த்தாள். பிறகு மண்டியிட்டு, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை மறுபடி எண்ணினாள்.