மூன்று முறை தட்டிய பிறகு

...அறுபத்திரண்டா, எண்பது வீட்டில் அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்குக் குடியிருப்பை இடிப்பதில் ஆட்சேபணையே இல்லையாம், யாரிடம் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், கூட்டத்தில் நகரசபை அதிகாரி கணக்கெடுப்பு அறிக்கையைப் பேரனின் மதிப்பெண் பட்டியல் மாதிரி அவ்வளவு பெருமையாக வாசிக்கிறார், பத்து வருஷமாக அந்தக் குடியிருப்புக்குச் சமூகப் பணியாளர் நான், எனக்குத் தெரியாமல் இத்தனை பேர் மனம் மாறிவிட்டார்களா? தையல்காரம்மா ஒத்துக்கொண்டிருப்பாளா, சக்கர நாற்காலியில் மகனை வைத்துக்கொண்டு கீழ்வீட்டை விட்டு எங்கே போவாள், இவர்கள் கொடுக்கிற மாற்று வீடு லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடி... அறிக்கையைப் புரட்டுகிறேன், கடைசிப் பக்கம், எறும்பு எழுத்தில் ஒரு வரி. மூன்று முறை தட்டியும் திறக்காத வீடுகள் ஆட்சேபணை இல்லாதவையாகக் கொள்ளப்படும்.

அட கடவுளே, கதவு... போன மாதம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க அலைந்தபோது வீடு வீடாகப் போய்ப் படித்துப் படித்துச் சொன்னது யார், நான்தானே, "யார் வந்து தட்டினாலும் திறக்காதீங்க, நான் வந்தா குரல் குடுப்பேன், அப்பத் திறந்தாப் போதும்." தையல்காரம்மா சிரித்தாளே, "நீங்க சொன்னாச் சரிதான்க்கா, மிஷினக்கூட நிறுத்திட்டு மூச்சுக் காட்டாம உக்காந்திருக்கேன்." உட்கார்ந்திருப்பாள், கணக்கெடுக்க வந்தவர்கள் தட்டிய மூன்று முறையும், மகனுக்குச் சைகை காட்டிக்கொண்டு. பாவி, என்ன காரியம் செய்துவைத்தேன்! இப்போதே எழுந்து சொல்லிவிட வேண்டியதுதானே, அவர்கள் திறக்காதது என் பேச்சைக் கேட்டு என்று... சொன்னால் ஜனங்களைத் தூண்டிவிட்டவள் என்பார்கள், எங்கள் அலுவலகம் இந்த நகரசபை கொடுத்த அறை, மறுநாளே பூட்டிவிடுவார்கள், அப்புறம் அந்த எண்பது வீட்டுக்காக யார் பேசுவது? நல்ல சாக்குதான், வெட்கமாக இல்லையா உனக்கு?

"சமூகப் பணியாளர் ஏதாவது சொல்றீங்களா மேடம்?" தலைவர்தான் கேட்கிறார், இதோடு வாக்கெடுப்பு, மேசையைச் சுற்றி எல்லா முகமும் என் பக்கம் திரும்புகிறது, டம்ளரை எடுக்கிறேன், குடிக்காமலே வைக்கிறேன், ஐந்து மாடி, வளர்ந்த பிள்ளை, எப்படித் தூக்குவாள், ஒரு நாளைக்கு எத்தனை தரம்...

"மேடம், உங்களைத்தான். ஆட்சேபணை ஏதும் இருக்கா?"

வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. குறிப்பெழுதும் அம்மாள் பேனாவைத் தாளில் ஊன்றியபடி என்னையே பார்க்கிறார். இரண்டு தரம் கேட்டாயிற்று, இன்னும் ஒரு தரம்தான் கேட்பார்கள்...