மஞ்சள் பூப் போட்ட கெட்டில்

மஹிராவின் நாக்கு மஞ்சளாக இருந்தது. மாம்பழக் காலமும் இல்லை, வீட்டில் லட்டும் இல்லை. 

அம்மா ஜெரினா சட்டென்று அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அடி ஓட்டையாகி, டீ வைக்க ஆகாமல் போன அலுமினியக் கெட்டில் அங்கே இருந்தது. பழைய சாமான்காரனுக்குப் போட மனசு வராமல், பூ வரைந்து அழகுக்கு வைத்திருந்தாள். கேட்கணுமா, நாள் முழுக்கக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கலர் தீட்டுகிற கை! கடையில் பெயிண்ட் வாங்கித் தொலைத்திருக்கலாம். கம்பெனிக் கிண்ணத்தில் மிஞ்சிய கலர் வீணாகிறதே என்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பொம்மை என்றால் சூளையில் வெந்து, கலர் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அலுமினியம் சூளையில் உருகிப் போகுமே. பசையில் குழைத்துத் தீட்டினால் போதாதா என்று நினைத்தாள். காய்ந்த கலர் வெடித்துச் சில்லுச் சில்லாய் உதிர்ந்திருந்தது. இரண்டு பூக்களில் மஞ்சளே இல்லை.

"என்னாடி தின்ன? சொல்லுடி!"

நாலு வயசுப் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். மஹிரா வீறிட்டாள்.

கூட வேலை செய்யும் தமிழினிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மஞ்சளா? அதுலதான ஈயம் கலக்குறாங்க, வெஷம்க்கா அது! கையக் கழுவாம சோறு திங்காதீங்கன்னு மேஸ்திரி தெனம் கத்துறது எதுக்கு? ஆஸ்பத்திரிக்கு ஓடுக்கா!"

கடைவீதி நெரிசலில் ஆட்டோ நகரவே மாட்டேன் என்றது. யா அல்லாஹ், என் பிள்ளையை விட்டுடு, என்னை எடுத்துக்கோ என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. குவைத்தில் இருக்கிற புருஷன் சஹீருக்கு என்னவென்று சொல்வாள்? கெட்டிலுக்கு அழகு பார்க்கப் போய்ப் பிள்ளையை... அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது. மடியில் அழுது ஓய்ந்து கிடந்தவள் தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா? பிடித்து உலுக்கினாள். மஹிரா மிரண்டு விழித்தாள்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார். "ரத்த டெஸ்டு ரிசல்ட் வர நாளாகும். இன்னிக்கு ஒரு நாள்தான் தின்னுச்சா, தெனமும் தின்னுச்சா? அது தெரிஞ்சாத்தான் இப்ப என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும்."

"நான் திங்கல" என்றாள் மஹிரா, மஞ்சள் நாக்கோடு.

"நெசத்தச் சொல்லு கண்ணு. அம்மா திட்ட மாட்டேன்."

"திங்கல."

"பயந்து போயிருக்குது. நீங்கதாம்மா பக்குவமாக் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஜெரினா முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள். மஹிரா கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அந்தக் கன்னத்தில் விரல் தடம் இன்னும் சிவந்து கிடந்தது. தூக்கிவாரிப் போட்டது ஜெரினாவுக்கு.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பாரு, அம்மா கையே இல்ல. இப்ப சொல்லு. தெனமும் தின்னியாடா?"

மஹிரா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அந்தக் கை எங்கே என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.