உப்பு பார்க்காத டோஸ்ட்

பேக்கரியில் சொல்லிவைத்து வாங்கிய வெட்டாத ரொட்டியைக் கட்டைவிரல் தடிமனுக்கு அறுத்து, ஓரத்தில் கத்தியைச் செருகிப் பை மாதிரி கிழித்துக்கொண்டிருந்தாள் பவ்யா. இரண்டாவது துண்டும் அடியில் பிய்ந்துபோனது.

"இதெல்லாம் ஒரு பலகாரமா?" என்று ரொட்டியைத் திட்டினாள். உண்மையில் திட்டியது, கூடத்தில் மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த மாமனார் பூபாலனைத்தான்.

இன்று பதினாறாம் நாள் காரியம். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தாக வேண்டும். வறுத்த மீன், வடை, பாயசம் எல்லாம் தயார். "அப்பாவுக்கு டோஸ்ட் இல்லாமயா?" என்று கேட்டுவிட்டுக் கணவன் விக்ரம் இலை வாங்கப் போய்விட்டான். சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வதில் அப்பனுக்குப் பிள்ளை சளைத்தவனில்லை.

ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர், போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிடித்த பிடி இது. அதில் ஸ்டஃப்டு ஃப்ரெஞ்ச் டோஸ்ட் என்றார்கள். அவருக்கு அது பாம்பே டோஸ்ட்தான். பால்கோவாவையும் மசித்த வாழைப்பழத்தையும் உள்ளே திணித்து, முட்டையும் பாலும் சிட்டிகை உப்பும் கலந்து முக்கி, வெண்ணெயில் பொரிப்பார். அடுப்பு, மேடை, சுவர் எங்கும் முட்டை ஒழுகும். துடைப்பது பவ்யா. தூங்கக் கிடைக்கிற ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிக்குக் கதவைத் தட்டுவார்.

"பவ்யா, உப்பு சரியா கீதான்னு பாரும்மா."

நாலு வருஷம் முன்பு வந்த காய்ச்சலில் அவருக்கு நாக்கில் ருசி போய்விட்டது. அவள் ஒரு விள்ளல் வாயில் போட்டு, "சரியா இருக்கு மாமா" என்றால்தான் தட்டில் கை வைப்பார். ருசியே தெரியாதவருக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி ஞாயிறு ஆபீசிலிருந்து அழைப்பு. போனைக் காதில் வைத்தபடி, தொட்டுக்கூடப் பார்க்காமல், "சூப்பர் மாமா, சாப்பிடுங்க" என்றாள். அவர் தன் இரண்டு துண்டையும் தின்று தட்டை வழித்தார். அரைமணி கழித்துத் தன் பங்கை வாயில் வைத்தவள் துப்பிவிட்டாள். மனுஷன் உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

கல்லில் டோஸ்ட் பொன்னிறமாகிவிட்டது. பவ்யா ஒரு மூலையில் கை வைத்தாள்.

"ஏய், இன்னா பண்றே?" மாமனாரின் தங்கை பஞ்சவர்ணம் அடுப்படி வாசலிலிருந்தே கத்தினாள். "படைக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் வாயில வெப்பாங்களா? எச்சியாப் பூடும். அண்ணன் துன்ன மாட்டாரு."

"உப்பு பாக்க வேணாமா அத்தை?"

"செத்தவருக்கு இன்னாத்துக்குடி உப்பு? எட்த்துனு வா, டைமாவுது."

டோஸ்ட் மீனுக்கும் வடைக்கும் நடுவே இலையில் உட்கார்ந்தது. விக்ரம் கற்பூரம் ஏற்றினான். எல்லோரும் கும்பிட்டார்கள். படத்தில் பூபாலன் அதே சிரிப்போடு, கை வைக்காமல், பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பவ்யாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்தும் விடமாட்டேன் என்கிறாரே. குனிந்து டோஸ்ட்டின் மூலையைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"ஐயய்யோ!" என்று பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். விக்ரம் கூப்பிய கையோடு அப்படியே நின்றான்.

பவ்யா நிதானமாக மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி மாமா. இருங்க."

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். இரண்டு விரலில் உப்போடு அவள் திரும்பி வந்து தூவியபோது, கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.