தெற்குப் பக்கத்து ஓட்டு

பிரெய்டன் நகரில் பனி கொட்டினால், அதைத் தள்ளும் வண்டி ரயில் தண்டவாளத்துக்கு வடக்கேதான் முதலில் போகும். "ஓட்டு அங்கேதானே இருக்கு" என்பார் நகர மன்ற உறுப்பினர் ரோல்ட் ஸ்டெனெருட். அவர் வேடிக்கையாகத்தான் சொல்வார். தெற்கே, காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் மெஷின் கடை நடத்தும் ஆர்டித் நைகார்டுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மார்ச் மாதப் பனியில் ஒருநாள் முழுக்கக் கடை வாசலை யாரும் மிதிக்க முடியாமல் போனதும், அடுத்த தேர்தலில் ஸ்டெனெருட்டை எதிர்த்துத் தானே நிற்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

வடக்கே பெரும்பாலும் வயதானவர்கள். தவறாமல் ஓட்டுப் போடுவார்கள், அதுவும் ஸ்டெனெருட்டுக்கே. தெற்கே பன்றி இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள். ஓட்டுப் பக்கமே போக மாட்டார்கள். வடக்கே போய்த் தொண்டையைக் காயவைப்பதில் பிரயோசனமில்லை, தெற்கை உசுப்பினால் போதும் என்று ஆர்டித் கணக்குப் போட்டாள்.

கடையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி ரொசாரியோவிடம்தான் ஆரம்பித்தாள்.

"குறை சொல்ல மட்டும் எல்லாரும் வந்துடறீங்க. தேர்தலன்னிக்கு ஒரு தலையைக் காணோம். அப்படி என்ன சோம்பேறித்தனம்?"

ரொசாரியோ மகனின் காற்சட்டையை உதறினாள். "ஆர்டித் அம்மா, வாக்குச்சாவடி எப்போ திறக்கும்?"

"காலையில ஏழு மணிக்கு."

"அப்போ நான் ஆலையில கத்தியும் கையுமா நின்னுட்டிருப்பேன். வேலை முடிஞ்சு ஓடி வந்தா சாவடியைப் பூட்டிட்டிருப்பாங்க. வேலை நடுவுல ஓட்டுப் போட அனுப்பணும்னு சட்டம் இருக்காம். போய் மேஸ்திரி மூஞ்சியைப் பார்த்துக் கேளுங்களேன். சோம்பேறியாம், சோம்பேறி!"

ஆர்டித்துக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷம் இந்த ஜனங்களுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்றிருந்தது. மறுநாள் நகர அலுவலகத்தில் விசாரித்தாள். தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமைகளில் அங்கேயே வந்து ஓட்டுப் போடலாமாம்.

அந்தச் சனிக்கிழமைகளில் அவளுடைய பழைய வேன் ஓயவில்லை. வண்டியில் ஏறியவர்களிடம் ஓட்டுக் கேட்பது அசிங்கம் என்று அவளாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். அதனால் பேச்செல்லாம் வாடகை, பல்வலி, யார் வீட்டுத் தமாலே கொழுக்கட்டை ருசி என்றே போயிற்று. ரொசாரியோ மூன்று தடவை அவளோடு வந்து அண்டை வீட்டாரைக் கதவு தட்டி இழுத்து வந்தாள்.

முடிவு தெரிந்த மாலை, நகர அலுவலகச் சுவரில் பகுதிவாரியாக ஓட்டுக் கணக்கை ஒட்டினார்கள். ஆர்டித் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். தெற்கே ஓட்டு இதுவரை இல்லாத அளவுக்கு விழுந்திருந்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஸ்டெனெருட்டுக்கு! வடக்கேதான் அவள் ஜெயித்திருந்தாள். மொத்தத்தில் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி அவளுக்கே.

"தெற்கையும் வடக்கையும் மாத்தி எழுதிட்டாங்களோ?" என்றாள்.

பக்கத்தில் நின்ற ரொசாரியோ தொண்டையைச் செருமினாள். "கோவிச்சுக்காதீங்க. நானும் ஸ்டெனெருட்டுக்குத்தான் போட்டேன்."

"என் வண்டியில ஏறி வந்துட்டு அவருக்கா?"

"நீங்கதான் கேட்கவே இல்லையே! எங்க பசங்க கால்பந்து டீமுக்கு அவர்தான் சட்டை வாங்கித் தர்றாரு. மழையானாலும் மேட்சுக்கு வந்து கத்துவாரு. நீங்க ஒரு மேட்சுக்காவது வந்தீங்களா?"

ஆர்டித் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது சிரிப்புதான். அடக்க முடியாமல் ரொசாரியோவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வடக்கின் ரகசியம் மறுநாள் மளிகைக் கடையில் உடைந்தது. ஹாரியட் ஆஸ்ட்பி என்ற வடக்குப் பக்கத்துக் கிழவி தன் சாமான் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"சர்ச் முக்குல ரவுண்டானா வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான் ஸ்டெனெருட். எங்க வயசுல செக்கு மாடு மாதிரி சுத்தணுமா? அதான் உனக்குக் குத்திட்டோம். மறந்துடாதே."

"எனக்கு ரவுண்டானா பிடிக்குமே, ஹாரியட்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாவி! சரி, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் காபிக்கு வா. உன் மனசை மாத்த முடியுதான்னு பார்க்கறோம்."

"வர்றேன். பனி வண்டியைப் பத்தி உங்ககிட்ட நானும் பேசணும். இனிமே ஒரு தடவை வடக்கே முதல்ல, அடுத்த தடவை தெற்கே."

"அது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு ஹாரியட் முட்டை வாங்கப் போனாள்.

அந்த வாரச் சனிக்கிழமை, பசங்களுக்கு அந்த வருஷத்தின் கடைசி மேட்ச். காது விறைக்கும் குளிரில் ஸ்டெனெருட் மைதானத்தின் எல்லைக் கோட்டருகே நின்றிருந்தார். ஆர்டித் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"வாங்க, கவுன்சிலரம்மா" என்று அவர் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். தோல்வி அவருக்கு வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க ரவுண்டானா நல்ல யோசனைதான், ரோல்ட். முதல் கூட்டத்துலயே ஆதரிக்கப் போறேன்."

"இதைத் தேர்தலுக்கு முன்னாடியே வெளியில சொல்லியிருக்கக் கூடாதா? தோத்திருப்பீங்களே!"

இருவரும் சிரித்த சிரிப்பில் ரொசாரியோவின் மகன் கோல் போட்டதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அதற்கு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.