ஜப்பான்காரி நிற்கும் கொலு

ஆலன் என்கிற அமெரிக்க ஊரில் அனந்தராமன் வீட்டுக்குக் கொலு பார்க்கப் போனவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. அக்டோபரில் போனார்கள், இப்போது மார்ச். செருப்புகள் கராஜில் கிடக்கின்றன. கார்களை எடுக்கச் சொல்லிக் குடியிருப்புச் சங்கம் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு புது பொம்மை வைக்க வேண்டுமே என்று அவர் மனைவி ஷ்யாமளா, யாரோ செத்துப்போனவர் வீட்டுச் சாமான் விற்பனையில் ஒரு ஜப்பானியக் கெய்ஷா பொம்மையை வாங்கிவந்து செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கெய்ஷா என்றால் ஒரு மாதிரி என்று சில ஆண்கள் இளித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். ஆட்டமும் பாட்டும் பேச்சும் வருஷக்கணக்கில் பயின்று, வந்த விருந்தாளிக்கு எழுந்திருக்க மனசு வராமல் பார்த்துக்கொள்வது அவள் தொழில். எந்த வீட்டில் என்ன செய்த பொம்மை என்று விசாரிக்காமல் சாமிப் படியில் ஏற்றினார்கள். படித்தவர்கள்.

முதல் நாள் மாலை, கொலுவுக்கு வந்திருந்த மீனாக்ஷி ஆன்ட்டி பாடி முடித்ததும் பொம்மை விசிறியை விரித்துத் தன் பாஷையில் பாடியது. எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். தாம்பூலம் வாங்கிக்கொண்டும் ஒருவரும் எழவில்லை. பசியும் தூக்கமும் போய்விட்டன; நகம் மட்டும் வளர்ந்தது. ஆபீஸ் விட்டு வந்த அனந்தராமனும் உட்கார்ந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கிறார்கள். பரிமாறுகிறவள் உட்காரவில்லை; அதனால் ஷ்யாமளா தப்பினாள். அவள் மகள் தீக்ஷா முன்வரிசையில் இருந்தாள்.

"எழுந்து வாடி, நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"ஜஸ்ட் ஒன் மோர் சாங், அம்மா."

"விடேன் ஷ்யாமு, கொழந்தை ரசிக்கறா. நீயும் உக்காரு. சுண்டல்ல உப்பு இல்லன்னு யாரும் சொல்ல மாட்டோம்," என்றார் மீனாக்ஷி ஆன்ட்டி, திரும்பிப் பாராமலே.

ஷ்யாமளா மகளைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது, குழந்தை அசையவில்லை.

விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. ஷ்யாமளா ஜப்பான்காரியையே படுக்க வைத்தாள். பாட்டு நின்றது. கூடத்தில் அத்தனை பேருக்கும் மூச்சும் நின்றது. தீக்ஷாவின் உதடு நீலம் பாரித்தது. ஷ்யாமளா பதறிப்போய்ப் பொம்மையை நிமிர்த்தினாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, குழந்தை மூச்சு விட்டாள். அன்றிலிருந்து பொம்மை சாய்ந்துவிடுமோ என்ற பயத்தைத் தவிர ஷ்யாமளாவுக்கு வேறு நினைப்பில்லை. தெருவில் குப்பை லாரி போனாலும் ஓடிவருவாள்.

போன வாரம் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. ஷ்யாமளா படிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மையின் இரண்டு காலையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சூறாவளி வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டது. அவள் கையை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பாட்டு நடக்கிறது.